தவில் முதல் அறுவடை மிஷின் வரை: காதுக்கான நாள் கணக்கு

தை பிறந்ததும் டெல்டாவில் இரைச்சல் காலமும் பிறந்துவிடுகிறது. சம்பா வயலில் அறுவடை மிஷின், கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும் மிஷின், மண்டபத்தில் கெட்டிமேளம், பங்குனி சித்திரையில் தேர்த் திருவிழா, ஆடியில் கூழ் ஊற்றும் தெருக்களில் எல்லாம் கூம்பு ஸ்பீக்கர். கும்பகோணம் பாத்திரப் பட்டறைக்கும் நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைக்கும் சுவாமிமலைச் சிற்பக்கூடத்துக்கும் பருவமே கிடையாது. ஆண்டு முழுக்க உளியும் கிரைண்டரும்தான். இவற்றின் நடுவில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்குக் காது மந்தமாகும்போது "வயசாச்சுல்ல" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்தக் குறைவில் பெரும்பங்கு தடுத்திருக்கக்கூடியது. அதற்கு வேண்டியது ஒரு கணக்கும் சில பழக்கங்களும்.

சத்தம் எவ்வளவு என்பதோடு, எத்தனை நேரம் என்பதையும் காது சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. சத்தத்தை அளக்கும் அலகு டெசிபல். ஒரு நாளைக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி, 100-க்கு 15 நிமிடம், 103-க்கு ஏழரை நிமிடம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவு இது. இந்தியத் தொழிற்சாலை விதிகளில் நெடுங்காலமாக உள்ள வரம்பு இதைவிடத் தாராளம்: 8 மணி நேரத்துக்கு 90, 2 மணி நேரத்துக்கு 100. சட்டத்துக்கு அது போதும், காதுக்குப் போதாது. நியோஷ் கணக்கையே பிடித்துக்கொள்வது நல்லது. அதிலும் முழுப் பாதுகாப்பு இல்லை. 85-லேயே நாற்பது ஆண்டு வேலை பார்த்தால் நூற்றுக்கு எட்டுப் பேருக்குக் காது மந்தமாகலாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

ஏன் 3? டெசிபல் என்பது மடங்கில் ஏறும் அளவு. 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், 10 கூடினால் பத்து மடங்காகும். கேட்கும்போது 3 டெசிபல் வித்தியாசம் லேசாகத்தான் தெரியும். "நேத்தைவிட கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்று தோன்றுகிற இடத்தில் காதின் செலவு இரண்டு மடங்காகியிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேபின் இல்லாத அறுவடை மிஷினில் ஓட்டுநரின் காதருகே 94 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் அன்றைக்குக் காது தாங்கும் பங்கு தீர்ந்தது. சீசனில் அவர் பத்து மணி நேரம் ஓட்டுவார். பத்து நாள் பங்கை ஒரே நாளில் செலவழித்தாயிற்று. காதில் உண்மையிலேயே 12 டெசிபல் குறைக்கும் அடைப்பு இருந்திருந்தால் உள்ளே போவது 82. அதில் 16 மணி நேரம் வரை தாங்கும். இன்னொருவர் பட்டறையில் 91 டெசிபலில் 2 மணி நேரம் தட்டுகிறார், 100 டெசிபலில் 15 நிமிடம் கிரைண்டர் பிடிக்கிறார். முதலாவதே முழு நாள் பங்கு, இரண்டாவது இன்னொரு முழுப் பங்கு. சாயங்காலம் அவர் போகும் கோயில் கச்சேரி மூன்றாவது. கூட்டலை நாள் முடியும்வரை விடக்கூடாது, வேலை நேரத்தோடு நிறுத்துவது பலரும் செய்யும் பிழை.

அளக்கக் கருவி வேண்டியதில்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் 85-ஐ எட்டிவிட்டது அல்லது தாண்டிவிட்டது. காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் புரிகிறது என்றால் 95-க்கு மேல் என்று எடுத்துக்கொள்ளலாம். போனில் அளக்கும் செயலிகள் உண்டு. நியோஷ் வெளியிட்ட இலவசச் செயலி ஐபோனில் மட்டும் ஓடும், ஓரளவு நம்பலாம். ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மைக் மாறுவதால் 5 டெசிபல், அதற்கு மேலும் பிசகும். அதைத் தோராயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செயலியானாலும் "ஏ" அளவீட்டில் (dBA), மெதுவான பதிலில் (Slow) வைத்து, போனைத் தோள் உயரத்தில், வேலை செய்பவரின் காதருகே பிடித்து அளக்க வேண்டும். வாசலில் நின்று அளந்த எண் ஓட்டுநருக்கு உதவாது. சுத்தியல் அடி, வேட்டு போன்ற நொடிச் சத்தங்களைப் போன் பிடிக்கவே பிடிக்காது. எண் குறைவாகக் காட்டினாலும் ஏமாறக்கூடாது.

உள்ளே நடப்பது என்ன

உள்காதில் நத்தைக் கூடு வடிவில் சுருண்ட குழாய் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 3,500 உள்வரிசை முடிச் செல்களும் 12,000 வெளிவரிசை முடிச் செல்களும் உண்டு. ஒலி அலை வந்ததும் அவற்றின் நுனியிலுள்ள நுண்முடிகள் சாயும். அந்தச் சாய்வுதான் நரம்புக்கு மின்குறியாகப் போகிறது. அளவு மீறிய சத்தத்தில் முடிகள் துவளும். ஒருமுறை மிதித்த நாற்று மறுநாள் நிமிரும், தினமும் மிதித்த நாற்று நிமிராது. கோழிக்கு இந்தச் செல் செத்தால் மறுபடி முளைக்கும். மனிதருக்கு முளைப்பதில்லை. மருந்தும் இல்லை, அறுவை சிகிச்சையும் இல்லை.

திருவிழா முடிந்து வீடு திரும்பும்போது காது அடைத்தாற்போலவும் "குய்ங்" என்றும் இருக்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். சரியாகிவிட்டதே என்று விட்டுவிடுவது தவறு. முடிச் செல் நிமிர்ந்தாலும் அதோடு நரம்பு இணையும் இடங்களில் சில நிரந்தரமாக அறுந்திருக்கலாம் என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேலை முடிந்து காதில் இரைச்சல் வந்தால் அன்று பங்கு மீறிவிட்டது என்பதற்கு அதுதான் சீட்டு.

இழப்பு எல்லா ஒலியிலும் ஒரே சமயத்தில் வராது. ஒலி எவ்வளவு உயர்ந்தது, தாழ்ந்தது என்பதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். காதுத் துளையின் நீளமே 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் அமைப்பு. அதனால் அடி முதலில் விழுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி, 3,000-க்கும் 6,000-க்கும் நடுவில். பரிசோதனைத் தாளில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும், 8,000-இல் கோடு மறுபடி மேலே ஏறும். வயதால் வரும் குறைவில் பள்ளம் இருக்காது, கோடு சரிந்துகொண்டே போகும். இரைச்சலால் வரும் குறைவு முதல் பத்து, பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பள்ளத்தை வேகமாகத் தோண்டும். பிறகு வேகம் குறைந்து அகலத் தொடங்கும். அகன்று 2,000-ஐத் தொடும்போதுதான் பேச்சு புரியாமல் போகிறது. அதாவது, நமக்குத் தெரியவரும் நேரத்தில் பாதி வேலை முடிந்திருக்கும்.

அந்த நிலையில் இருப்பவர் "கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்பார். உயிரொலிகள் தாழ்ந்தவை, பலமானவை, அவை கேட்கும். ச, ஸ, த, ப, க போன்ற மெலிந்து உயர்ந்த ஒலிகள் உதிரும். குழந்தை பேச்சும் பெண்கள் பேச்சும் முதலில் குழம்பும், மண்டபத்தில், பேருந்தில், டிவி ஓடும் கூடத்தில் இன்னும் குழம்பும். கூடவே இன்னொரு விசித்திரம். மெதுவாகப் பேசினால் "என்ன?" என்பார், கொஞ்சம் உரக்கப் பேசினால் "ஏன் கத்துறே?" என்று எரிந்துவிழுவார். வெளிவரிசை செல்கள் போனதும் கேட்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சுருங்கிவிடுவதால் வரும் நிலை அது. வீட்டில் இதைக் குணக்கேடு என்று எண்ணிச் சண்டையாகிறது.

சத்தத்தை அதன் வாயிலேயே அடக்குவது

காதை அடைப்பதற்கு முன் மிஷினைப் பார்க்க வேண்டும். பவர் டில்லரிலும் டீசல் என்ஜினிலும் துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்சர்தான் பெரும் குற்றவாளி. புதிது போடும் செலவு ஒரு நாள் வாடகைக்கு மேல் பெரிதாக இருக்காது. அடுத்து தளர்ந்த தகடு, தேய்ந்த பேரிங், இழுவை தப்பிய பெல்ட். மிஷின் புதிதாக "கடகட" என்று சொல்லத் தொடங்கினால் கிரீஸ் துப்பாக்கியும் ஸ்பேனரும் எடுக்க வேண்டிய நேரம். அடித்தளத்துக்கும் தரைக்கும் நடுவில் ரப்பர் அட்டை வைத்தால் அதிர்வு கட்டடத்துக்குப் போவது குறையும். ரைஸ் மில்லில் நெல் தகரத் தொட்டியில் விழும் இடம் தனிச் சத்தம் போடும். உள்பக்கம் பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி ஒட்டினால் அது அடங்கும். ஆள் நின்று பார்க்க வேண்டிய இடத்தையும் ஹல்லர், எலிவேட்டர் ஓடும் இடத்தையும் ஒரு செங்கல் சுவர் பிரித்தால் உள்ளே இருப்பவருக்கு 10 டெசிபலுக்கு மேலேயே குறையும். கதவைத் திறந்து வைத்தால் அந்தச் சுவருக்கு அர்த்தமில்லை.

பாத்திரப் பட்டறையில் தகட்டை வெறும் பட்டறைக் கல்லில் வைத்துத் தட்டும்போது பாத்திரமே மணிபோல அதிரும். ஒரு பக்கத்தை ஈர மணல் மூட்டையில் சாய்த்துவைத்துத் தட்டினால் அதிர்வு செத்துப்போகும், வடிவமும் கெடாது. வளைப்பு வேலைக்கு இரும்புச் சுத்தியலுக்குப் பதில் மரச் சுத்தியல் போதுமான இடங்கள் பல. இரண்டு பேர் எதிரெதிரே தட்டும் வழக்கத்தை மாற்றி நடுவில் நாலைந்து மீட்டர் விட்டால், ஒருவர் சத்தம் மற்றவருக்குக் குறையும். மூன்று பக்கமும் சுவர், மேலே தகரக் கூரை என்றிருக்கும் கொட்டகையில் சத்தம் திரும்பித் திரும்பி வரும். ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு அந்தப் பக்கம் பார்த்து வேலை செய்தாலே மாற்றம் தெரியும்.

சாணை, கிரைண்டர் வேலையை ஒரே ஆள் காலை முதல் மாலை வரை செய்யாமல் முறைவைத்து மாற்றிக்கொள்வது சத்தத்தைக் குறைக்காது, பங்கைப் பகிரும். காசு செலவில்லாத வழி என்பதால் முதலாளிகளுக்கு இது பிடிக்கும். ஆனால் நாள் முழுக்க 100 டெசிபல் என்றால் நாலு பேரிடையே பகிர்ந்தாலும் நால்வர் காதும் கெடும்.

தூரமும் ஸ்பீக்கரும்

வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். ஒரு ஸ்பீக்கர் 1 மீட்டரில் 110 என்றால் 2 மீட்டரில் 104, 4-இல் 98, 8-இல் 92, 16-இல் 86. முன்வரிசையிலிருந்து பத்தாம் வரிசைக்குப் போவது அரை நிமிட வேலை, காதுக்குப் பல மணி நேரம் மிச்சம். கல்யாண மண்டபத்துக்குள் இந்தக் கணக்கு பலிக்காது. கிரானைட் தரையும் பூச்சுச் சுவரும் சத்தத்தைத் திருப்பி அனுப்புவதால் சில மீட்டருக்குப் பிறகு எங்கே உட்கார்ந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு. அங்கே சாப்பாட்டுக் கூடமோ வாசல் பந்தலோதான் அடைக்கலம்.

கூம்பு ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தாலே 1 மீட்டரில் 105 முதல் 110 டெசிபல் வரும். அதற்கு 10 வாட் கொடுத்தால் இன்னொரு 10 கூடும். தெருவில் ஆள் உயரத்தில் கட்டிவிட்டு அதனடியில் நாற்காலி போடுவதுதான் மிக மோசமான ஏற்பாடு. மைக் செட்காரரிடம் சொல்ல வேண்டியது: கம்பத்தில் உயர்த்திக் கட்டுங்கள், ஒரே இடத்தில் பெரிதாக வைக்காமல் நாலு இடத்தில் சிறிதாக வையுங்கள், வீட்டு வாசலை நோக்கித் திருப்பாதீர்கள். பாட்டு தெளிவாகவும் கேட்கும். ஊதித் தள்ளும் வால்யூமில் சிதைந்துபோன ஒலியைத்தான் பலரும் "பவர்" என்று நினைக்கிறார்கள்.

சட்டத்திலும் இடமிருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அறிவித்த இடத்தில் பகலில் 50, இரவில் 40. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலங்களுக்கென்று ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். புகாரைக் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். நடைமுறையில் விழாக் கமிட்டியிடம் முதல் நாளே பேசுவதுதான் பலன் தருகிறது, விழா நடுவில் போய் நின்றால் பகைதான் மிஞ்சும்.

இயர் பிளக்கைச் சரியாகப் போடுவது

பஞ்சு உதவாது. காதுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு மிஷின் ஓட்டுபவருக்குச் சத்தம் கொஞ்சம் மழுங்கும், ஆபத்து அப்படியே இருக்கும். ஃபோம் இயர் பிளக் ஒரு ஜோடி சில ரூபாய். திருச்சி, தஞ்சாவூர் பாதுகாப்புச் சாமான் கடைகளில் மொத்தமாகவும் கிடைக்கும். வாங்குவதைவிடப் போடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். பாதி நுழைத்து, காளான் குடைபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது நகை, காப்பு இல்லை.

முதலில் கையைக் கழுவித் துடையுங்கள். பூச்சிமருந்து, கிரீஸ், மெருகு மருந்து பட்ட விரலால் உருட்டியதைக் காதில் வைக்கக்கூடாது. பிளக்கை இரண்டு விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்துச் சுருக்கமோ மடிப்போ இல்லாமல் மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். மடிப்பு விழுந்தால் அந்தக் கோடு வழியாகவே சத்தம் உள்ளே போகும். வலக்காதுக்கு இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் காதின் மேல்பகுதியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த துளை நேராகும். வலக்கையால் பிளக்கை உள்ளே தள்ளி, விரல் நுனியால் 20 முதல் 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். கையை உடனே எடுத்தால் ஃபோம் விரிந்து தானே வெளியே வரும். இடக்காதுக்கு இதையே கை மாற்றிச் செய்யுங்கள்.

பிறகு சோதனை. மிஷின் ஓடும்போது இரண்டு காதையும் உள்ளங்கையால் நன்றாகப் பொத்துங்கள். பொத்தியதும் சத்தம் குறிப்பிடும்படி குறைந்தால் பிளக் உட்காரவில்லை, எடுத்து மறுபடி போடுங்கள். பெரிதாக மாற்றமில்லை என்றால் சரி. ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிப் பார்த்தால் உங்கள் குரல் இரு காதிலும் ஒரே மாதிரி, பானைக்குள் பேசியதுபோல அழுத்தமாகக் கேட்க வேண்டும். நேர் எதிரே நிற்பவருக்கு பிளக்கின் முனை தெரியக்கூடாது. கழற்றும்போது மெல்லத் திருகிக்கொண்டே இழுங்கள், வெடுக்கென்று பிடுங்கினால் செவிப்பறை இழுபடும்.

எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதைக் காட்ட உறையில் என்.ஆர்.ஆர். (NRR) என்று ஓர் எண் இருக்கும். அது ஆய்வகத்தில் கிடைத்த எண். களத்தில் என்ன கிடைக்கும் என்று பார்க்க அதிலிருந்து 7-ஐக் கழித்துப் பாதியாக்குங்கள். 33 என்றால் 13, 29 என்றால் 11. மிஷினின் அளவிலிருந்து இதைக் கழித்தால் உள்ளே 75 முதல் 80 வரை நின்றால் போதும். அதைவிட அதிகமாக அடைத்தால் பின்னால் வரும் டிராக்டர் ஹாரனும் கூப்பிடும் குரலும் கேட்காமல் வேறு விபத்து வரும்.

இந்தக் கணக்கை எல்லாம் கவிழ்ப்பது ஒரு விஷயம்: இடையில் கழற்றுவது. 30 டெசிபல் குறைக்கும் காப்பை 8 மணி நேர வேலையில் அரை மணி நேரம் மட்டும் சத்தத்தின் நடுவிலேயே கழற்றி வைத்தால், நாள் முழுவதற்குமான பலன் 12 டெசிபலாக இறங்கிவிடும். பாதி நேரம் கழற்றினால் வெறும் 3. போன் பேச வேண்டும், டீ வந்தது என்றால் முதலில் மிஷினை விட்டு விலகுங்கள், பிறகு கழற்றுங்கள்.

அழுக்கான, விறைத்துப்போன ஃபோமைத் தூக்கிப் போடுங்கள். சிலிக்கான் வகையைச் சோப்பு நீரில் கழுவி மறுபடி போடலாம். அடிக்கடி போட்டுக் கழற்ற வேண்டியவர்களுக்கும் கை எப்போதும் அழுக்காக இருக்கும் மில் ஆட்களுக்கும் ஹெட்போன்போலக் காதை வெளியே மூடும் இயர் மஃப் வசதி. ஆனால் அதன் மெத்தை தோலோடு இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். கண்ணாடியின் கம்பி, தலையில் கட்டிய துண்டு, அடர்ந்த முடி இவற்றில் எது நடுவில் வந்தாலும் பலன் பாதிதான். சித்திரை வெயிலில் மஃபுக்குள் வியர்த்து ஊறும். அதனால் வயல் வேலைக்கு பிளக்கும் மில் வேலைக்கு மஃபும் பொருந்தும். அதிர்வேட்டு போடுகிறவர்கள் இரண்டையும் சேர்த்து அணிய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கூட்டல் கிடையாது, பெரியதன் மேல் சுமார் 5 டெசிபல்தான் கூடும்.

காதில் சீழ் வடிகிறவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் பிளக் போடவே கூடாது, மஃப் மட்டும்தான். குளத்திலோ ஆற்றிலோ குளித்து ஈரம் காயாத காதிலும் பிளக் வேண்டாம். நம் புழுக்கத்தில் அது பூஞ்சைக்கு விதை போடுவது மாதிரி.

நாதஸ்வர, தவில் கலைஞர்கள் நிலைமை தனி. ஃபோம் பிளக் உயர்ந்த ஒலிகளைத்தான் அதிகம் விழுங்கும், சுருதி மழுங்கும். அதனால் "இத வெச்சா வாசிக்கவே முடியல" என்பது நியாயமான புகார். எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர் பிளக்குகள் உண்டு. காதின் அச்செடுத்துச் செய்பவை 9, 15, 25 டெசிபல் வடிகட்டிகளோடு வரும். செவிக்கருவி மையங்களில் அச்செடுத்துத் தருவார்கள். தவில்காரருக்கு 15 பொருந்தும். நாதஸ்வரக்காரருக்கு இன்னொரு தொல்லை: ஊதும் சீவாளி வாயில் இருப்பதால் எலும்பு வழியாக வரும் ஒலி, அடைத்த காதுக்குள் தேங்கி முழங்கும். பிளக் ஆழமாக உட்கார்ந்தால் அந்த முழக்கம் குறையும். அச்சு எடுக்கும்போதே இதைச் சொல்லி நீளமாக எடுக்கச் சொல்லுங்கள். சாதகத்துக்கு வீட்டின் சிறிய அறையைவிட மொட்டை மாடியோ தோப்போ மேல். நாள்தோறும் சாதகம் செய்கிற மணி நேரங்கள்தான் கச்சேரியைவிடப் பெரிய செலவு.

வெடிக்குக் காதிடம் தடுப்பே கிடையாது. பெருஞ்சத்தம் வந்தால் நடுக்காதின் சிறு தசை இறுகி ஒலியைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் அது இறுகுவதற்குள் வெடிச்சத்தம் உள்ளே போய்விடும். 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பது சட்டம். 4 மீட்டருக்குள் நிற்பவருக்கு அந்த எண் பொருந்தாது என்பதைக் கவனியுங்கள். கைக்குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு மேளத்தின் அருகிலோ சரவெடி அருகிலோ நிற்பதைத் தவிருங்கள். சின்னக் குழந்தைகளுக்கு ஃபோம் பிளக் வேண்டாம், பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும். சின்ன அளவு மஃப் கிடைக்கிறது, அதைவிடத் தள்ளிப்போவது எளிது.

இயர்போனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். டவுன் பஸ் இரைச்சலுக்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமென்று வால்யூமை ஏற்றும்போதுதான் தவறுகிறது. வால்யூமை 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

காதைக் கெடுக்கும் மற்றவை

காதுவலிக்குப் பூண்டு தட்டிப் போட்ட எண்ணெயைக் காய்ச்சி ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே நடுக்காதுக்குள் போய் சீழ் பிடிக்கும், ஓட்டை இல்லாவிட்டாலும் பூஞ்சை வளரும். கோழி இறகு, ஈர்க்குச்சி, ஹேர்பின், பட்ஸ் எதுவும் வேண்டாம். குறும்பி தானே வெளியே வரும். குச்சி அதை உள்ளே தள்ளி இறுக்கும்.

ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகியவை உள்காதைத் தாக்கக்கூடியவை. இவற்றைப் போட்டுக்கொள்ளும் காலத்தில் இரைச்சல் வேலையைத் தவிர்ப்பதும் கேள்விப் பரிசோதனை செய்துகொள்வதும் அவசியம். பெயின்ட் தின்னரில் உள்ள டொலுவீன் போன்ற கரைப்பான்களும் சத்தத்தோடு சேர்ந்து கெடுதலைக் கூட்டும். மூடிய பட்டறையில் கிரைண்டரும் பெயின்ட்டும் ஒன்றாக ஓடக்கூடாது.

பரிசோதனையும் அவசரமும்

இரைச்சல் வேலையில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஆடியோகிராம் எனும் கேள்விப் பரிசோதனை எடுக்க வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். போவதற்கு முன் 14 மணி நேரமாவது சத்தத்திலிருந்து விலகியிருங்கள், இல்லாவிட்டால் தற்காலிகக் களைப்பும் சேர்ந்து தெரியும். தாளில் வலக்காது சிவப்பு வட்டம், இடக்காது நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே போகப்போகக் குறைவு அதிகம். 3,000, 4,000, 6,000 மூன்றும் சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள். சில இடங்களில் 3,000-மும் 6,000-மும் விடுபடும், பள்ளம் கண்ணில் படாமல் போகும். பழைய தாள்களை எறியாதீர்கள். ஒரு தாளில் தெரியாத சரிவு மூன்று ஆண்டுத் தாள்களை அடுக்கினால் தெரியும். இரைச்சலால் வரும் கேள்விக் குறைவு தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது, இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் இழப்பீடு கேட்கும்போது இந்தத் தாள்கள்தான் ஆதாரம்.

இரைச்சலால் வரும் குறைவு பொதுவாக இரு காதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பின்னால் திரும்பிக் கலப்பையைப் பார்த்தபடி ஓட்டும் டிராக்டர்காரருக்கு என்ஜின் பக்கம் இருக்கும் காதில் சற்று அதிகம் வரலாம். ஒரு காது மட்டும் தெளிவாக மந்தமானால் சத்தத்தின் தலையில் பழியைப் போட்டு விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், வேறு காரணம் இருக்கலாம்.

அவசரம் ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும் ஒரு காது திடீரென்று கேட்கவில்லை, அல்லது ஓரிரு நாளில் சரசரவென்று குறைந்தது என்றால் அன்றே போக வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் நாட்களில்தான் அதிகம் பலிக்கும், இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு சுருங்கிவிடும். "நீர் கோத்துக்கிட்டிருக்கும், ஆவி பிடி" என்று வாரக்கணக்கில் காத்திருந்து காதைப் பறிகொடுத்தவர்கள் நிறைய. வெடி வெடித்துக் காதில் ரத்தம் வந்தாலோ அடைத்துக்கொண்டாலோ சொட்டு மருந்து, எண்ணெய் எதுவும் விடாமல், தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடும், ஈரம் பட்டால்தான் சிக்கல்.

குறைவு வந்துவிட்டால்

சத்தத்தை விட்டு விலகினால் இரைச்சலால் வந்த குறைவு மேலும் ஓடாது, வயதின் சரிவு மட்டும்தான் சேரும். அதனால் "போனது போச்சு, இனி பிளக் எதுக்கு" என்று விடுவது தவறு.

செவிக்கருவியை ஆடியோகிராமுக்கு ஏற்ப ஒலித் திருத்தம் செய்து வாங்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஒரே அளவு பெருக்கிகள் தாழ்ந்த ஒலியையும் சேர்த்து ஏற்றுவதால் மேளமும் ஹாரனும் மண்டையில் இறங்கும், பேச்சு புரியாது. வாங்கிய முதல் மாதத்தில் இரண்டு மூன்று முறை மையத்துக்குப் போய்த் திருத்திக்கொள்ளுங்கள். அமைதியான அறையில் நாளுக்கு ஓரிரு மணி நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டினால் மூளை பழகும், முதல் நாளே கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனால் மறுநாள் பெட்டிக்குள் போய்விடும். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கு இலவசக் கருவி உண்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரு காதிலும் பேச்சு அலைகளில் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் கேள்வித்திறன் குறைந்தவர், 70-க்கு மேல் காது கேளாதவர் என்று சான்று கிடைக்கும்.

வீட்டார் செய்ய வேண்டியது: முகத்தில் வெளிச்சம் விழ எதிரே உட்கார்ந்து, கத்தாமல், சற்று நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை உரக்கச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். சமையலறையிலிருந்து கூப்பிடாதீர்கள்.

நம் ஈரக் காற்றில் கருவி பழுதாவது பெரும்பாலும் வியர்வையால்தான். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுகிய டப்பாவில் வையுங்கள். பொட்டலத்தில் நிறம் மாறும் மணிகள் இருந்தால், நிறம் மாறியதும் புதிதாக வாங்குங்கள். துத்தநாகப் பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்ததும் ஓரிரு நிமிடம் காற்றுப்படவிட்டுப் பிறகு போட்டால் அதிக நாள் வரும். உரித்த தாளைத் திரும்ப ஒட்டிவைப்பதில் பலனில்லை. திருவிழாவில் கருவியை அணைத்துவிட்டு அதையே அடைப்பானாக வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. காற்றோட்டத் துளை உள்ள கருவி எதையும் தடுக்காது. அதைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு ஃபோம் பிளக் போட்டுக்கொள்ளுங்கள்.